வீடும் துணையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் கைப்பணமும் கரையும், மனிதனும் கரைவான் என்பது அதன் கருத்து. திருக்குர்ஆனும் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் இணைக்கிறது. ஆனால் இணைக்கும் விதமே வேறு. ஸூரத்துந் நஹ்லின் 80-வது ஆயத்தில், நம் இல்லங்களை 'ஸகன்' ஆக, அதாவது அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததை அல்லாஹுதஆலா தன் நிஃமத்துகளில் ஒன்றாக எடுத்துக் காட்டுகிறான். ஸூரத்துர் ரூமின் 21-வது ஆயத்தில், நாம் அமைதி பெறவே நமக்குத் துணைகளைப் படைத்ததாகக் கூறுகிறான். அங்கும் ஸீன், காஃப், நூன் என்ற அதே மூன்றெழுத்தில் பிறந்த சொல்தான் வருகிறது. வீடும் அமைதிக்கு, துணையும் அமைதிக்கு. அப்படியிருக்க, துணையின் அமைதியைக் கொடுத்து வீட்டை வாங்கினால் அது என்ன வியாபாரம்?

எங்கள் தென்காசிப் பக்கத்தில் இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியல்ல. கடையநல்லூர், வடகரை, புளியங்குடி என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் புது மாடி வீடுகளைக் காணலாம். அவற்றில் பலவற்றின் சொந்தக்காரர் வளைகுடாவில் ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்திருப்பார். ஒரு விடுமுறையில் மனை, அடுத்த விடுமுறையில் அஸ்திவாரம், அதற்கடுத்ததில் கான்கிரீட். வீடு முடிந்ததே, வந்துவிடலாமே என்றால், எதிர் வீட்டில் மாடி எழும்பிவிட்டது! அந்த மாடிக்கு இன்னும் நான்கு வருடம்.

பிழைப்புத் தேடிப் போவதை நான் குறை கூறவில்லை. தறியை நம்பி வாழ முடியாமல் நம் முன்னோர் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. அவர்களில் பலர் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். வாடகை அறைதான், ஆனாலும் அது ஸகனாக இருந்தது.

இரவில் மதீனாவைச் சுற்றி வந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், போர்க்களம் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்கிப் பாடுவதைச் செவியுற்றார்கள். தம் மகளார் ஹஜ்ரத் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அந்தத் தவணைக்கு மேல் வீரர்களை நிறுத்தி வைக்கலாகாது என்று உத்தரவும் போட்டார்கள். தீனுக்காகப் போர்க்களம் போனவருக்கே இந்தத் தவணை. மொட்டை மாடிக்கு எத்தனை வருடம்?

வீடு கட்டுவதே பாவம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மழைக்கும் வெயிலுக்கும் மறைவாக நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே தம் கையால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டதாக ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் சொல்வது புகாரியில் இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலச் சாரலைக் கணவாய்க் காற்று அள்ளிக்கொண்டு வரும்போது, ஒழுகாத கூரையின் அருமை நமக்குத் தெரியும். விசாலமான வீடு மனிதனின் பாக்கியங்களில் ஒன்று என்றும் ஹதீஸில் வந்திருக்கிறது. மண்ணில் போடும் செலவுக்கு மட்டும் கூலியில்லை என்று சொன்ன ஹஜ்ரத் கப்பாப் (ரலி) அவர்கள், அதைச் சொன்னதே ஒரு சுவரைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான்! தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தையே அது குறிக்கும் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். கூஃபாவில் நாணல் வீடுகள் எரிந்தபின் செங்கல்லால் கட்ட அனுமதித்த உமர் (ரலி) அவர்களும், மூன்று அறைகளுக்கு மேல் வேண்டாம், உயரத்தில் போட்டி வேண்டாம் என்றுதான் எல்லை வகுத்தார்கள்.

(வீட்டுக்காகச் சேர்க்கும் பணம்தானே என்று ஜகாத்தை நிறுத்தி வைப்போரும் உண்டு. நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கும் ஜகாத் கடமை. குடியிருக்கும் வீட்டுக்குத்தான் இல்லை.)

இனி நகை விஷயம். கான்கிரீட் போடும் நாள் நெருங்கும், கம்பிக்கும் சிமெண்டுக்கும் பணம் போதாது, கண் போகுமிடம் மனைவியின் கழுத்து. அடகு வைத்தால் வட்டி. அது ஹராம் என்பதற்கு ஸூரத்துல் பகராவின் 275-வது ஆயத்து முதல் படித்தாலே போதும். சரி, விற்றுவிடலாமா? மஹரும், தாய் வீட்டார் அவளுக்குப் போட்ட நகையும் அவளுடைய சொத்து. மஹரிலிருந்து அவள் மனமுவந்து விட்டுக் கொடுத்ததைத்தான் கணவன் அனுபவிக்கலாம் என்கிறது ஸூரத்துந் நிஸாவின் 4-வது ஆயத்து. கூடத்தில் எல்லோரும் பார்த்திருக்க, மாமியார் கேட்டு மருமகள் கழற்றிக் கொடுப்பது மனமுவந்து கொடுப்பதாகுமா?

அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா என்பதை அவளிடம் தனியே கேட்டு, எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு ஸூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து ஏவுகிறது. மனைவியிடம் வாங்கிய கடனுக்கு அதில் விதிவிலக்கு ஏதும் சொல்லப்படவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் மதிப்பு 40 லட்சம், அதில் அவள் நகை விற்ற பணம் 16 லட்சம், பத்திரம் கணவன் பெயரில், வேறு சொத்தில்லை. பிள்ளைகளை விட்டு அவன் மவ்த்தாகிவிட்டால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எழுத்தும் சாட்சியும் இல்லாவிட்டால் அவள் கைக்கு வருவது 5 லட்சம். கடன் என்று எழுதியிருந்தால், பாகம் பிரிக்குமுன் அவளுடைய 16 லட்சம் முதலில் தீர்க்கப்படும். மிச்சம் 24 லட்சத்தில் எட்டில் ஒன்று 3 லட்சம். ஆக 19 லட்சம்.