விலை இறங்கினால் போதுமா?

1977 மார்ச்சில் வட இந்தியா நெருக்கடி நிலையைத் தோற்கடித்தது, தமிழ்நாடு தோற்கடிக்கவில்லை. 39 தொகுதிகளில் 34, காங்கிரசும் அ.தி.மு.க.வும் சேர்ந்த அணிக்கே போயின. எம்.ஜி.ஆர். அலை, தி.மு.க. மீதான ஊழல் புகார்கள், கட்டாயக் கருத்தடைக் கொடுமை வடக்கைப் போல இங்கே தலைவிரித்து ஆடாதது எனக் காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கஷ்டகாலத்தில் ஒழுங்குக்காக உரிமையை விட்டுக்கொடுப்பது குற்றமா?

அன்றைய கஷ்டம் லேசானதல்ல. 1972இல் மழை பொய்த்தது. 1973இல் எண்ணெய் விலை எகிறியது. 1974-75இல் மொத்த விலை 25 விழுக்காடு ஏறியது. ரயில்வே வேலைநிறுத்தம், குஜராத் மாணவர் போராட்டம், பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கம், கடைசியில் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்பு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. கடை வாசலில் விலைப்பட்டியல் தொங்கியது. பத்து மணிக்கெல்லாம் ஆபீஸ் நாற்காலியில் ஆள் இருந்தார். ரயில் நேரத்துக்கு வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள்.

ஆனால் விலைவாசி 1974 கடைசியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. வங்கிக் கடன் இறுக்கப்பட்டது. கூடுதல் பஞ்சப்படியில் பாதி கட்டாயச் சேமிப்பில் முடங்கியது. 1975இல் மழையும் கைகொடுத்தது. இதில், விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்துக்கு என்ன வேலை? பெயர் மட்டும் சாட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

ரேஷன் வரிசையில் நிற்பவருக்குப் பேச்சுரிமைப் பாடம் நடத்துவது அநாகரிகம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிறு நிறைந்து, பதவியும் பேனாவும் கையில் இருந்தவர்கள் கதை வேறு. சட்டவிரோதமாகப் பிடித்தாலும் சிறைப்பட்டவர் நீதிமன்றம் வர முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். மறுத்த எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கைநழுவியது. அந்த நால்வரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர்.

பசிக்கும் முந்திய ஒரு பழக்கம் இந்த விட்டுக்கொடுப்புக்குள் இருக்கிறது. சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தது என்று சமணனாக இருந்த பல்லவ மன்னன், சைவரான திருநாவுக்கரசரைப் படுத்திய பாடு திருவதிகையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே மன்னன் சைவனானதும் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்துக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்றும் பெரிய புராணமே சொல்கிறது. முன்னதைக் கொடுமை என்கிறோம். பின்னதைத் திருப்பணி என்கிறோம். தட்டிக் கேட்க ஆளில்லாத அதிகாரம் இரண்டிலும் ஒன்றுதான். அடி விழுந்த முதுகு வேறு, அவ்வளவே.

1976 ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டபோதும் இதே பழக்கம்தான் வெளிப்பட்டது. மிசாவில் கட்சிக்காரர்கள் உள்ளே போனார்கள். சென்னை மத்திய சிறையில் அடிபட்ட தி.மு.க.வின் சிட்டிபாபு பிறகு இறந்தார். ஊழல் ஆட்சி ஒழிந்தது என்று வெளியே மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்கு விலைவாசியைக் காரணம் காட்ட முடியாது.