ஒழுகுதலும் ஒழுக்கமும்

ஒழுக்கம் என்ற சொல்லுக்கு வேர் 'ஒழுகு' என்னும் வினை. ஆறு ஒழுகும், கூரை ஒழுகும், மனிதர் நெறிப்படி ஒழுகுவர். தண்ணீர் தனக்கு வெட்டிய வழியில் போவதும், மனிதர் தமக்கு வகுத்த வழியில் நடப்பதும் தமிழுக்கு ஒரே வினைதான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், வழியை வெட்டியது யார் என்று மாணவி ஒருத்தி கேட்டுவிடுவாள். அந்தக் கேள்வியைக் குளியலறைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

தரையின் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். வாட்டம் சரியாக இருந்தால், ஊற்றிய தண்ணீர் தானாக நகானி டிராப்பை நோக்கி ஓடும். அதன் வாயில் ஒரு ஜாலி. ஜாலியில் சிக்கும் முடியையும் சோப்பு அழுக்கையும் அன்றாடம் வழித்தெடுப்பவள் பெண். அந்த வேலைக்குப் பெயரில்லை, கூலியில்லை. அதே இடம் கசியத் தொடங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்துவிட்டால் அது 'பழுது' ஆகிவிடுகிறது. பழுதுக்குப் பெயருண்டு, கூலியுண்டு, அதைப் பேசி முடிக்க ஓர் ஆணும் உண்டு.

எங்கள் வீட்டில் அப்படி ஆனபோது, பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஐந்து நிமிடம் நின்றார். "முழுத் தரையையும் உடைக்கணும். சார் நம்பர் குடுங்க மேடம், பேசிக்கிறேன்" என்றார். அந்தத் தரையில் தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வழியும் என்று தெரிந்தவள் நான். சொட்டு எந்த நேரத்தில் விழுகிறது என்று சொல்லக்கூடியவர் கீழ்வீட்டு அக்கா. சாருக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் அப்படி ஒரு குளியலறை இருக்கிறது என்பதுதான்.

அக்காவும் நானுமே சோதித்துப் பார்த்தோம். யாரும் குளிக்காத நாளில் கீழே சொட்டவில்லை. தண்ணீர் கொண்டுவரும் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருப்பது. அது கசிந்தால் இரவு பகல் பாராமல் சொட்டும். ஆகவே பழுது, போகும் வழியில். தரை நனையாமல், புனல் வைத்து ஒரு வாளித் தண்ணீரை டிராப்புக்குள் ஊற்றினேன். கீழே சொட்டில்லை, குழாய் நன்றாக இருந்தது. அடுத்து, ஜாலியைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி, வெளியே ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விட்டோம். அப்போதும் கீழே காய்ந்தே இருந்தது. தரையும் நன்றாக இருந்தது. வரப்பை எடுத்துவிட்டு, டிராப்பின் உள்ளே ஆழமாகத் துணி அடைத்து, அதன் விளிம்பு மூழ்கும்படி தண்ணீர் நிறுத்தினேன். சிறிது நேரத்தில் அக்காவின் குரல் வந்தது: "டீச்சர், விழுது!"

கசிந்தது தரையும் டிராப்பும் சந்திக்கும் இணைப்பு. வழவழப்பான பிளாஸ்டிக்கைச் சிமெண்ட் இறுகப் பற்றாது. காய்ந்து சுருங்கும்போது மயிரிழை இடைவெளி விழும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, இரண்டு நாள் உலரவிட்டு, எபாக்சி வைத்து அடைத்தேன். தரை உடையவில்லை.

இதை விடுதலை என்று எழுதி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த வாரமே சமையலறைக் குழாய் கசிந்தபோது, "உனக்குத்தான் தெரியுமே" என்றார்கள் வீட்டில். கற்ற வித்தை கடமையாக மாற ஒரு வாரம் போதுமாக இருந்தது. அப்படியானால் கற்காமலே இருந்திருக்கலாமா? தெரியாதவளுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கிறதா என்ன? ஈரத்தைத் துடைப்பவள் அவள். ஆள் வருவார் என்று விடுப்பு எடுத்துக் காத்திருப்பவள் அவள். கீழ்வீட்டாரிடம் வருத்தம் சொல்பவளும் அவள்தான். அறியாமை அவள் வேலையைக் குறைப்பதில்லை, சொல்லைத்தான் பறிக்கிறது.

செய்வது வேறு, அறிவது வேறு, முடிவெடுப்பது வேறு. இதுவரை செய்வது பெண்ணிடமும் முடிவு ஆணிடமும் இருந்தன. அறிவு செய்பவளிடம் இருந்தும் அதற்கு மதிப்பில்லை. நாம் கேட்க வேண்டியது முடிவெடுக்கும் உரிமையை. கூடவே செய்வதைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை. ஜாலியின் முடியை எடுக்க மகனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.

கேள்வி இத்தோடு முடியவில்லை. குளியலறைத் தண்ணீர் நம் வீட்டைத் தாண்டிக் கீழே போகிறது. ஒருநாள் அடுக்ககத்தின் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொள்ளும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் இறக்குகிறார்கள். இறங்குபவர் எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கையுறை போட்டுக்கொண்டு என் வீட்டுக் குளியல் தண்ணீரின் அழுக்கைத் தொட்டது எனக்கு ஒரு நாள் அனுபவம். அவருக்கு அது பிறப்போடு எழுதப்பட்டுவிட்ட தொழில். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, நானும் சாக்கடை சுத்தம் செய்தவள் என்று பேச எனக்கு உரிமையில்லை.

தொட்டி அடைத்துக்கொள்ளும் அந்த நாளில், போன் செய்து ஆளை அழைக்கும் அதிகாரம் ஒரு பெண்ணின் கையில் இருக்கலாம். குறைந்த கூலிக்கு யார் இறங்குவார் என்று விசாரிப்பாளா, செலவு கூடினாலும் இயந்திரம் வரட்டும் என்பாளா? இந்த இடத்தில் தவறினால், நாம் பெற்ற அதிகாரம் பழைய வாட்டத்திலேயே ஒழுகும். தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சரிவு காட்டிய பக்கம் போகிறது. சரிவை மாற்ற, தரையில் குந்தி அமர்ந்து, மட்டப்பலகை வைத்து, யார் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.