பிள்ளைகளின் கல்வியும் பெற்றோரின் கைங்கர்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் பிள்ளைகளுடன் எம்பெருமான் திருமுன்பே நிற்கும் பெற்றோர் பலரும் செய்யும் விண்ணப்பம் ஒன்றுண்டு. 'இக்குழந்தை நன்றாகப் படிக்க வேண்டும்' என்பதே அது. இது தகாத விண்ணப்பமன்று. ஆயினும், அர்ச்சனைத் தட்டைச் சமர்ப்பித்த மாத்திரத்தில் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமோ? இல்லத்தில் நாம் செய்யவேண்டிய கைங்கர்யம் யாது? இரண்டு தந்தையரைக் கொண்டு இதனைச் சிறிது சிந்திப்போம்.

ஒருவன் இரணியன். அவனை அன்பில்லாத தந்தை என்று எண்ணலாகாது. ஆசிரியர்களான சண்டனும் அமர்க்கனும் சாம தான பேத தண்டங்களைக் கற்பித்து, பாடம் முற்றியதென்று கருதிப் பிரஹ்லாதனை அழைத்து வந்தனர். தாய் நீராட்டி அலங்கரித்த அப்பிள்ளையை இரணியன் மடியில் இருத்தி, உச்சி மோந்து, கண்ணீர் பெருக, கற்றவற்றுள் சிறந்ததைச் சொல்லும்படி கேட்டான் என்று ஸ்ரீமத் பாகவதம் ஏழாம் ஸ்கந்தம் கூறுகின்றது. இதுவரையில் குறை கூற இடமில்லை. விடை தான் எதிர்பார்த்ததாக அமையாதபோதுதான் அவன் இயல்பு வெளிப்பட்டது. முதலில் ஆசிரியரை ஏசினான். பின்பு பிள்ளையை மடியிலிருந்து தரையில் தள்ளினான். தன் பெருமையைக் கேட்கும் ஆசையே அக்கேள்விக்குள் இருந்தது. பிள்ளையின் நெஞ்சை அறியும் எண்ணம் இல்லை.

மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும்போது நம் இல்லங்களில் நிகழ்வதும் பல சமயம் இதுவே அன்றோ? மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை நிறுத்திவிட்டது. அரசு நிறுத்திய அப்போட்டியை அண்டை வீட்டுப் பிள்ளையோடு நாம் இன்னும் நடத்திவருகின்றோம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வீடு திரும்ப அஞ்சும் பிள்ளைகள் உண்டு. திரும்பாமலே போனவர்களும் உண்டு. வீடு பிள்ளைக்கு அபயஸ்தானமாக இருக்கவேண்டும். தாயும் தந்தையும் அபயம் அளியாராகில் அவன் வேறெங்கே செல்வான்?

மற்றொருவர் கூரத்தாழ்வான். அவர் திருக்குமாரரான பராசர பட்டர் சிறு பிராயத்தில், பாடசாலை செல்லவேண்டிய வேளையில் வீதியில் விளையாடிக் கொண்டிருந்தார். ஆழ்வான் சினந்தாரில்லை, காரணம் கேட்டார். முன்னாள் கற்பித்த பாடத்தையே மீண்டும் சொல்லுகிறார்கள் என்றார் பிள்ளை. ஆழ்வான் அப்பாடத்தைச் சொல்லச் செய்து கேட்டு, அது முழுவதும் நெஞ்சில் நிலைத்திருப்பதை அறிந்தார் என்பது பெரியோர் சொல்லும் வரலாறு. ஏசுவதற்குமுன் கேட்டார், தீர்மானிப்பதற்குமுன் சோதித்தார். நம் பிள்ளை பட்டரைப்போல் மேதையாக இராமற்போகலாம். நாம் ஆழ்வானைப்போல் செவி கொடுப்பதற்கு அது தடையன்று. கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்குக் கரும்பலகை எழுத்துச் சரியாகத் தெரியாமலிருக்கலாம். முன்வகுப்புப் பாடமொன்று விளங்காமல் நின்றிருக்கலாம். கேட்டாலன்றி இவை வெளிவாரா.

படிப்பறியாத பெற்றோர் யாது செய்வது எனில், அவர்களுக்கும் இக்கைங்கர்யத்தில் குறைவில்லாத பங்கு உண்டு. அன்று கற்றதை மாலையில் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல, உடனிருந்து கேட்டாலே போதும். பிறருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது பிள்ளைக்கு விளங்கும். காலை உணவு, போதிய உறக்கம், படிப்பதற்கென ஒரு மூலை, மாறாத ஒரு நேரம் ஆகிய நான்கையும் அமைத்துக் கொடுத்தல் பெற்றோர் கடன். பெண்பிள்ளைக்கு வீட்டுவேலையும் ஆண்பிள்ளைக்குப் புத்தகமும் என்று பிரித்தல் தருமமன்று.

திவ்யப்பிரபந்தம் கற்பிக்கும் சந்தை முறையை நோக்குக. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை சொல்லுவர். நாள்தோறும் சிறிது சிறிதாகவே பாடம் ஏறும். இராப்பத்தில் ஓதப்பெறும் திருவாய்மொழி ஆயிரமும் இவ்வாறு நெஞ்சில் ஏறியதேயன்றி, ஓரிரவில் ஏறியதன்று. தேர்வுக்கு முன்னிரவு கண்விழிக்கச் செய்வதைவிட, ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு ஒரு நாழிகை சிறந்தது.

பிரஹ்லாதன் தான் அறிந்ததைக் கற்றது சண்டாமர்க்கர்களிடத்திலன்று. தாய் கயாது நாரதர் ஆசிரமத்தில் அமர்ந்து செவிமடுத்ததைக் கருவிலிருந்தே கேட்டான். நாளடைவில் தாய் மறந்தாள், பிள்ளை மறக்கவில்லை. நாம் எதை விரும்பிக் கேட்கின்றோமோ, எதை விரும்பிப் பார்க்கின்றோமோ, அதனையே பிள்ளைகள் கற்கின்றனர். கையில் கைபேசியை வைத்துக்கொண்டு, 'புத்தகத்தை எடு' என்றால் எவ்வாறு எடுப்பர்?

யசோதைப் பிராட்டி கண்ணனைக் கட்ட முயன்றபோது எத்தனைக் கயிறு சேர்த்தும் இரண்டு விரற்கடை குறைந்தே நின்றது. அவள் வியர்த்து இளைத்ததைக் கண்டு அவன் தானே கட்டுண்டான். முயற்சி தாயினுடையது, இசைவு பிள்ளையினுடையது. கயிற்றை இறுக்குவதால் மட்டும் எந்தப் பிள்ளையும் கட்டுப்படுவதில்லை. நாம் தனக்காகப் படும் பாட்டைக் கண்டு மனம் இசைந்தே கட்டுப்படும். அவ்விசைவு நம் இல்லங்கள்தோறும் உண்டாக எம்பெருமான் திருவருள் புரிவானாக!

சுபமஸ்து.