ஒற்றர் எழுதிய சுவடிகள்

அரசியல்வாதி ஒருவர் பதவியிலிருந்து இறங்கியதும் தம் கடிதங்களையும் உரைகளையும் பெட்டிகளில் அடுக்கி ஒரு பல்கலைக்கழகத்துக்கு வழங்குதல் ஐக்கிய அமெரிக்காவில் நெடுநாளைய வழக்கம். மிசிசிப்பி மாநிலத்தின் செனற்றர்களாகப் பல்லாண்டு வீற்றிருந்த ஜேம்ஸ் ஈஸ்ற்லண்டின் தாள்கள் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்திலும், ஜோன் ஸ்ரெனிசின் தாள்கள் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பேணப்படுகின்றன. இருவரும் இன ஒதுக்கலின் பக்கம் நின்றவர்கள். ஆராய்ச்சியாளருக்கு இத்தகைய தொகுதிகள் பெரும்பேறு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எதைக் கொடுப்பது, எதைக் கொளுத்துவது என்று முதலில் தீர்மானிப்பவர் வழங்குபவரே. தம் வாழ்க்கைக்குத் தாமே உரையாசிரியராகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

அதே மாநிலத்தில் வேறொரு தொகுதியும் உண்டு. அதில் இடம்பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் தம் பெயர் அங்கு எழுதப்படுவதை அறியாமலே வாழ்ந்தவர்கள். ஒற்றன் ஒருவன் மற்றொருவரைப் பற்றி எழுதிவைத்த மெய்யையும் பொய்யையும் ஊரார் படிக்கத் திறந்துவிடுதல் முறையாகுமா? அத்தொகுதி எழுப்பும் வினா இதுவே.

பாடசாலைகளில் இன ஒதுக்கல் அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர்நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எதிர்ப்பதற்கென்றே மிசிசிப்பிச் சட்டமன்றம் 1956இல் ‘மாநில இறைமை ஆணைக்குழு’ என்றொன்றை நிறுவிற்று. ஆளுநரே அதன் தலைவர்; பொதுப்பணமே அதன் முதல். வாக்காளராகப் பதிய முயன்ற கறுப்பின ஆசிரியர், அவர்களுடன் கைகோத்த வெள்ளையர், வெளியூரிலிருந்து வந்த மாணவர் ஆகியோரின் நடமாட்டம், நட்பு, கடன், கார் இலக்கம் எல்லாம் குறிக்கப்பட்டன. வெள்ளைப் பெண் ஒருத்தி பெற்ற குழந்தைக்குக் கறுப்பின இரத்தம் உண்டோ என்று கண்டறிய, அரசாங்க விசாரணையாளர் ஒருவர் அக்குழந்தையின் நகங்களை உற்றுநோக்கி அறிக்கை எழுதினார். நகைப்பதா நாணுவதா என்று தெரியவில்லை.

1973இல் ஆளுநர் பில் வோலர் பணவொதுக்கீட்டைத் தடுத்ததும் ஆணைக்குழு முடங்கிற்று; 1977இல் சட்டப்படி கலைக்கப்பட்டது. கோவைகளை அழித்துவிடலாம் என்ற பேச்சும் சட்டமன்றத்தில் எழுந்தது. இறுதியில் 2027 வரை ஐம்பது ஆண்டுகளுக்கு அவற்றை முத்திரையிட்டுப் பூட்டினர். அவ்வாண்டே குடியுரிமை இயக்கத்தினர் வழக்குத் தொடுத்தனர். அரசு தன் முறைகேட்டை மறைத்துவைக்க உரிமையற்றது எனக் கொண்டு, கோவைகளைத் திறக்குமாறு நீதிபதி வில்லியம் பார்பர் 1989இல் ஆணையிட்டார்.

வழக்குத் தொடுத்தவர்களே அப்போது ஒருமுகமாக நிற்கவில்லை என்பது சிந்திக்கற்பாலது. ருகாலூக் கல்லூரியின் மதகுருவாயிருந்த எட் கிங், அங்கே சமூகவியல் கற்பித்த ஜோன் சால்ற்றர் ஆகிய இருவரும் முழுத் திறப்பை ஏற்கவில்லை. 1963 மே மாதத்தில் ஜக்சன் நகர உணவுச்சாலை மறியலில் அமர்ந்து அடியுண்டவர் சால்ற்றர். அவரைக் கோழை என யாரும் சொல்லவியலாது. ஒற்றர் புனைந்த அவதூறுகளை அரசே அச்சேற்றி வழங்கினால், முன்பு இழைத்த தீங்கை மீண்டும் இழைப்பதாகாதா என்பதே அவர்கள் எழுப்பிய தடை.

இத்தடையை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. அந்தரங்கம் என்ற அதே சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே அதன் எடையை நாம் அளத்தல் வேண்டும். சட்டமன்றம் அச்சொல்லை உச்சரித்தபோது, அது களவாடியவன் தன் தடயத்தை மூட எடுத்த துணி. வேவுபார்க்கப்பட்டவர் உச்சரித்தபோதோ, அது தம் வாழ்வின்மீது எஞ்சியிருந்த உரிமை. ஈஸ்ற்லண்டுக்கும் ஸ்ரெனிசுக்கும் கிடைத்த உரிமையில் ஒரு துளியே அவர்கள் கேட்டது. மேல்முறையீடுகளின் பின் நீதிமன்றம் வகுத்த ஏற்பாடு இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருந்தது. 1997இல் பத்திரிகைகளில் விளம்பரம் செய்யப்பட்டது. வேவுக்கு உள்ளானோர் தம் பெயரை மறைக்குமாறு கோரலாம். அரசின் கையாட்களுக்கு அவ்வசதி இல்லை. 1998 மார்ச்சில் 124,000 பக்கங்களுக்கு மேல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. இந்த ஏற்பாட்டை நான் சரியென்றே கருதுகிறேன். ஆனால் விளம்பரத்தைப் பார்க்க உயிரோடில்லாதவர் என்ன செய்வார்?

பூட்டிவைத்ததால் பயனடைந்தவர் யார் என்பதற்கு ஒரு சான்று போதும். கறுப்பின மக்களின் தலைவர் மெட்கர் எவேர்ஸ் 1963 யூனில் ஜக்சனில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி பைரன் டி லா பெக்வித் மீது 1964இல் இருமுறை நடந்த விசாரணையில் யூரிமார் உடன்பட்ட முடிவுக்கு வரவில்லை. கொலை வழக்கை அரசுத் தரப்பு நடத்திக்கொண்டிருக்கையில், அதே அரசின் ஆணைக்குழு யூரிமாரின் பின்னணியை விசாரித்து எதிரியின் வழக்கறிஞருக்கு உதவியது. பூட்டிய கோவைகளிலிருந்து 1989இல் கசிந்த செய்தி இது. வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டு, 1994இல் பெக்வித்துக்கு ஆயுட்தண்டனை விதிக்கப்பட்டது.

இனி, இறந்தோரின் பக்கம். கொரியப் போரில் பணியாற்றித் திரும்பிய கிளைட் கென்னாட் ஹற்றிஸ்பேர்க் அருகே கோழி வளர்த்தவர். வெள்ளையருக்கெனவே இருந்த மிசிசிப்பித் தென்பகுதிக் கல்லூரியில் சேர்ந்து படிக்க விண்ணப்பித்தார். அவர் கல்வி, பணநிலை, ஒழுக்கம் யாவும் துருவப்பட்டன. அவரை வீழ்த்த ஏதேனும் கிடைக்குமா என்று சென்ற விசாரணையாளர், அவர் அறிவும் பண்பும் உடையவர் என்றே எழுத நேர்ந்தது. கோழித்தீவனம் திருடத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில் 1960இல் அவருக்கு ஏழாண்டுச் சிறை. புற்றுநோய் முற்றிய நிலையில் விடுவிக்கப்பட்டு, 1963 யூலை 4ஆம் நாள் இறந்தார். விளம்பரத்துக்கு விடையளிக்க அவர் இல்லை. ஆனால் பகைவனின் கையெழுத்தே அவருக்காகப் பேசிற்று.

ஒற்றனின் அறிக்கை எப்போதும் இவ்வாறு நேர்மையாய் அமைவதில்லை. பணம் பெற்று எழுதியவன் முதலாளிக்கு இனிப்பதையே பெரும்பாலும் எழுதுவான். வகுப்பில் நாம் ஒரு சுவடியை மாணாக்கர் முன் வைக்கையில், யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எவர் பணத்தில் எழுதினார் என்பதைக் கேட்கப் பழக்காவிடின், கிங்கும் சால்ற்றரும் அஞ்சியதே நடந்தேறும்.

கென்னாட்டின் வழக்கில் அவ்வினாக்களைக் கேட்டவருள் இலினோய் மாநில உயர்பாடசாலை மாணவர் மூவரும் அவர்களின் ஆசிரியரும் இருந்தனர். பத்திரிகையாளர் ஒருவரும் சட்டத்துறையினரும் உடன் உழைத்தனர். சாட்சி சொன்னவரே கென்னாட் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டார். 2006இல், அவரைத் தண்டித்த அதே நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கிற்று. அவர் இறந்து அப்போது ஏறத்தாழ 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.