சிறு சுடர்

கார்த்திகைத் திங்களிலே, திருவண்ணாமலையின் உச்சியிலே, பெருங்கொப்பரையில் நெய்யூற்றித் தீபம் ஏற்றுகின்றனர். இலட்சக்கணக்கான மக்கள் அண்ணாந்து நோக்குகின்றனர். அதே ஊரிலே, 1966ஆம் ஆண்டு முதல் அரசு கலைக் கல்லூரி நடந்து வருகிறது. அதன் வேதியியல் கூடத்திலும் ஒரு சுடர் உண்டு; பன்சன் விளக்கின் சுடர். அதனை அண்ணாந்து பார்ப்பதற்கில்லை; குனிந்துதான் பார்க்க வேண்டும். அந்தச் சிறு சுடரை ஏற்றிவைக்கும் பேராசிரியரின் கடமை யாது? இதுவே நாம் எழுப்பும் வினா.

பாடத்தை முடிப்பது, விடைத்தாள் திருத்துவது, ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுவது ஆகிய யாவும் கடமைகளே. மறுப்பாரில்லை. ஆனால், அதோடு முற்றுப்பெறுமோ கடமை?

வங்கத்திலே பிரபுல்ல சந்திர ராய் என்றொரு பேராசிரியர் இருந்தார். 1916 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலே வேதியியல் கற்பித்தவர். 1921இல் அறுபது வயது நிறைந்ததும், தம் ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்து, 1936 வரை பணியாற்றினார். எலும்புச் சாம்பலைக் கண்டு தீட்டென முகம் சுளிக்கும் நாட்டிலே, வகுப்பறையில் ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயிலிட்டுக் காட்டினார். அது கால்சியம் பாஸ்பேட்; எந்த விலங்கின் எலும்பு என்ற வினா நெருப்போடு போயிற்று. நாவால் சொன்னதை நாவாலேயே மெய்ப்பித்தார்!

நம் கூடங்களிலே நடப்பதென்ன? மாணவன் பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறான், நிறம் மாறுகிறது. கண்ட அளவு 19.6. பக்கத்து மாணவன் ஏட்டிலோ 20.0. உடனே இவன் ஏட்டிலும் 20.0! பேராசிரியர் காண்கிறார், காணாதவர்போல் நகர்கிறார். "0.4 தானே! சில சொட்டுத்தானே!" என்பார்.

சில சொட்டா? அவனே நாளை குடிநீர் ஆய்வுக்கூடத்தில் அமர்வான். அண்டை மாவட்டமாம் தருமபுரியின் நிலத்தடி நீரிலே ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது; வேறு நீரே இல்லையெனில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. மிகுந்தால் குழந்தைகளின் பற்கள் கறைபடும். மிகமிகுந்து ஆண்டுக்கணக்கிற் பருகினால் எலும்பே உருக்குலையும். அங்கே 1.9 கண்டவன் 1.5 என்று எழுதினால்? அதே 0.4 அன்றோ!

வகுப்போ பெரிது, கருவியோ சிறிது, தேர்ச்சி குறைந்தால் மேலிடம் கேட்கும் என்பர். மெய்தான். ஆகவே பேராசிரியரை மட்டும் கூண்டிலேற்ற நாம் முற்படவில்லை. விடைக்கே மதிப்பெண், நேர்மைக்கு இல்லை என வகுத்த முறையும் உடன் நிற்கட்டும்! ஆயினும், 19.6 கண்டவன் அதையே அஞ்சாது எழுதவும், "ஏன் வேறுபட்டது? வா, தேடுவோம்" என்று அவனோடு குனியவும் எந்த நிதியும் வேண்டுவதில்லை.

கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறை அவன். எழுதப்பட்டதை நம்பு, சொல்லப்பட்டதை ஏற்றுக்கொள் என்றே அவன் முன்னோர் பழக்கப்பட்டனர். அவனுக்குப் பட்டம் தந்து, தன் கண்ணைத் தானே நம்பும் துணிவைத் தராமல் அனுப்புவது கொடையா, வஞ்சனையா?

மலைத்தீபம் சின்னாளில் அணையும். கண்டதைக் கண்டவாறே எழுதும் கை ஒன்றை ஆக்கிவிட்டால், அந்தச் சிறு சுடர் அவன் வாழ்நாளெல்லாம் அணையாது. பேராசிரியரின் கடமை அதுவே என்போம்.