ஜங்ஷனுக்கும் ஊருக்கும் நடுவே

1860களின் தொடக்கத்தில் சென்னை ராயபுரத்திலிருந்து மேற்குக் கடற்கரையைப் பார்த்துப் போன மெட்ராஸ் ரயில்வேயின் பாதை, சேலம் நகருக்குள் நுழையவில்லை. மேற்கே சூரமங்கலத்தைத் தொட்டு, ஈரோட்டுப் பக்கம் போய்விட்டது. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரைக்குச் சீக்கிரம் போய்ச் சேருவதுதான் அதன் நோக்கம். ஊர்தான் அன்றிலிருந்து பாதையைத் தேடி நடந்துகொண்டிருக்கிறது.

*

ஏற்காடு எக்ஸ்பிரஸ் சூரமங்கலத்திலுள்ள சேலம் ஜங்ஷனில் இருட்டோடு வந்து நிற்கிறது. கையில் காசு உள்ளவர்கள் ஆட்டோ ஏறிப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் முதல் டவுன் பஸ்ஸுக்காக வாசலிலேயே இருக்கிறார்கள். நரைத்த கொண்டை போட்ட ஓர் அம்மா, கட்டைப்பையைக் காலுக்கு அணைவாக வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே தூக்கத்தில் கடந்தாயிற்று. மிச்சமிருக்கும் ஐந்தாறு கிலோமீட்டருக்குத்தான் விடிய வேண்டியிருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டு பஸ் வந்ததும் கூட்டம் எழுகிறது. பெண்களுக்கு அதில் 2021 முதல் கட்டணமில்லை. அந்த அம்மாவுக்கு அது சின்ன விஷயமில்லை.

*

ஜங்ஷனிலிருந்து விருத்தாசலம் போகும் பாதை மட்டும் ஊரை ஊடறுத்துப் போகிறது. சேலம் மார்க்கெட், சேலம் டவுன், அயோத்தியாப்பட்டணம், பிறகு வாழப்பாடி, ஆத்தூர். மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையான தடம் இது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் இவ்வளவு பக்கத்தில் வேறு ரயில் இல்லை. ஆனாலும் முள்ளுவாடி கேட்டிலும் அணைமேட்டிலும் வண்டியை நிறுத்திக் காத்துக் கிடந்தவர்கள் இந்த ரயிலை இடைஞ்சலாகவே நினைத்துப் பழகிவிட்டார்கள். ஏறிப் போகிற வண்டியாக அது அவர்களுக்குப் பழக்கப்படவே இல்லை. நாளுக்குச் சில நடைகளே ஓடும் ரயிலை நம்பி யார் வேலைக்குப் போவார்கள்?

*

2007 நவம்பர் 1-இல் சேலம் தனி ரயில்வே கோட்டமானது. 2013-இல் கரூர் பாதை திறந்தது. மல்லூர், இராசிபுரம், நாமக்கல், மோகனூர் எல்லாம் தண்டவாளத்துக்கு வந்தன. ஊர் ஊராக லாரி அனுப்பிய நாமக்கல்லுக்கு அதுவரை சொந்தமாக ஒரு ஸ்டேஷன் கிடையாது. மோகனூர் தாண்டிக் காவிரியை ரயிலில் கடக்கும்போது பயணிகள் இன்றும் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள்.

*

ஒரு ஸ்டேஷனின் பெருமையை அதன் வயதை வைத்தும், நின்று போகிற எக்ஸ்பிரஸ்களை வைத்தும் பேசுகிறோம். எனக்கு அது போதவில்லை. ஆத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கும், இராசிபுரத்திலிருந்து காலேஜுக்கு வருகிற பிள்ளைக்கும் நேரத்துக்கு ரயில் இருக்கிறதா, இறங்கியதும் பஸ் நிற்கிறதா என்பதே அதன் அளவுகோல்.

புதிதாக நிலம் எடுக்க வேண்டாம். தடம் கிடக்கிறது, ஸ்டேஷன்களும் இருக்கின்றன. ஆத்தூர் பாதையிலும் நாமக்கல் பாதையிலும் காலை, மாலை வேளைகளில் கூடுதல் பாசஞ்சர் வண்டிகள் விடுங்கள். டவுன் பஸ் நேரத்தை ரயில் நேரத்தோடு சேர்த்துப் போடுங்கள். ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது.