கமகத்துக்கு ஒரு வாசல்

மாதுங்காவை அடுத்த சண்முகானந்தா மண்டபத்தில் சப்பணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஷட்ஜ பஞ்சமங்களில் சுருதி கூட்டி வாசிக்கும் நம் வித்துவானையும், நாற்காலிகளில் அமர்ந்து எழுத்துப் பிரதியைப் பின்பற்றும் மேனாட்டு வாத்தியக் குழுவினரையும் ஒரே உருப்படியில் இசைவிப்பது எளிதன்று. ஆயினும் 1985-இல், பம்பாயில் பிறந்த ஸுபின் மேத்தாவின் இயக்கத்தில், நியூயார்க் பில்ஹார்மானிக் குழு வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியத்தின் 'ஃபாண்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்' என்னும் படைப்பை வாசித்தபோது அது கைகூடியது.

சங்கடம், ஸ்வரத்தை அசைத்து இசைக்கும் கமகத்தில் இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அசைந்தசைந்தே தன் ஸ்வரூபத்தைக் காட்டுவது. அதன் கீழே வயலின் கூட்டமொன்று அசையாத ஸ்வரக்கூட்டைப் பிடித்து நிற்குமாயின், ராகம் மூச்சுமுட்டிப் போகும். அவ்விடங்களில் தாழ்ந்த தந்திகளைத் தம்புராவாக்கி ஷட்ஜ பஞ்சமத்தில் நிறுத்திவிடுவதே உசிதம் என்பது என் துணிபு. மூன்று அங்கங்கள் கொண்ட மரபான கான்செர்ட்டோவில், குழு முழுவதும் மௌனமாகித் தனி வயலினுக்கு வழிவிடும் 'கடென்ஸா' இருக்கிறதே, அதுவே ஆலாபனைக்கு வாய்த்த வாசல். பழைய ஐரோப்பிய வித்துவான்களும் அதனை மேடையிலேயே மனோதர்மமாக வாசித்தவர்கள்தாமே! மிருதங்கத்தை எங்கே சேர்ப்பது என்பது வேறு வழக்கு; அதற்குத் தனிப் பஞ்சாயத்து வேண்டும்.